உங்களுக்குத் தெரியுமா? நோய் நுரையீரலில்... அடையாளம் கண்ணில்!

நுரையீரல் புற்றுநோய் என்றதும் இருமல், சளியில் ரத்தம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இருமலே இல்லாமல், பரவிய இடத்தில் முதலில் தலைகாட்டுவதும் உண்டு! தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், படியுங்கள்!

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கிறாரே, அங்கே விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் மண்டிய ஒரு படலம் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் அதில் மஞ்சள் திட்டாக வந்து உட்காரும்! நோயாளி சொல்வதோ, "பார்வை மங்குது டாக்டர்", அவ்வளவுதான்!

இன்னும் கேளுங்கள். இப்படிக் கண்ணுக்குப் பரவிய 420 பேரை அமெரிக்காவின் பிலடெல்பியா டாக்டர்கள் அலசி 1997ல் எழுதினார்கள். கண்ணில் கட்டி தெரிந்த அன்று, மூன்றில் ஒருவருக்குத் தனக்குப் புற்றுநோய் இருப்பதே தெரியாது! அவர்களைச் சோதித்தபோது அதிகம் அகப்பட்டது நுரையீரல்தான்!

விரல் நுனி வீங்கினால் நம்மூரில் என்ன செய்வோம்? நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகுவோம். நுரையீரலிலிருந்து வந்து விரல் எலும்பில் இறங்கிய கட்டியும் அச்சு அசல் அப்படியே இருக்கும்! பயப்படாதீர்கள், எலும்புக்குப் பரவுவதில் கை கால் நுனிக்கு வருவது சுமார் 1000ல் 1தான். ஆனால் பழத்துக்கும் மருந்துக்கும் ஆறாத விரலை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்!

அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை வெயில். முகத்தில் ஒரு பாதி மட்டும் வியர்க்கவில்லை! அதே பக்கம் இமை இறங்கி, கண்ணின் பாப்பாவும் சுருங்கியிருக்கிறது. நுரையீரலின் உச்சியில் வளர்ந்த கட்டி நரம்பைப் பிடித்தால் இப்படியும் ஆகும்! இந்த முக அடையாளத்தை சுவிட்சர்லாந்து கண் டாக்டர் ஹார்னர் எழுதிவைத்தது 1869ல்!

சவரக் கத்தி படுவது மோவாயில் உறைக்கவில்லையா? தாடை எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் முதல் அறிகுறி வெறும் மரமரப்பாகவே இருந்ததுண்டு!

இடது குரல் நரம்பு நேரே தொண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது! நுரையீரல் புற்றுநோயால் நெஞ்சில் நெறிகட்டி அதை அழுத்தினால் குரல் கம்மிவிடும். 3 வாரம் தாண்டிய கம்மலுக்குக் கஷாயம் போதாது, காட்டிவிடுங்கள்!

இதை இப்போதே செய்யலாம். இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டுங்கள். நடுவே சின்ன வைர வடிவ இடைவெளி தெரிகிறதா? நல்லது! நுரையீரல், இதய நோய்கள் சிலவற்றில் விரல் நுனி உருண்டு அது அடைபட்டுவிடும். தென்னாப்பிரிக்க இதய டாக்டர் ஷாம்ராத் இதைக் கண்டுபிடித்தது எந்த நோயாளியிடம் தெரியுமா? தன் சொந்த விரல்களில்! எழுதிய ஆண்டு, 1976!