4, 2, 1: கோப்பின் காவல் எண்கள்

திருவண்ணாமலைக் கோயில் பிராகாரத்தில் யாரும் நடக்கலாம். மடைப்பள்ளிக்குள் அங்குப் பணி செய்வோர் மட்டும். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டும். ஆளுக்கேற்ற அனுமதி! கணிப்பொறியிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்தியதால் கோப்புகளுக்குக் காவல் தேவைப்பட்டது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இம்முறையே உள்ளது.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றுள் எவற்றைக் கூட்டினாலும் குழப்பம் வராது. 6 என்றால் 4+2 மட்டுமே. உரிமையாளர், குழுவினர், மற்றவர் என மூவருக்கும் வரிசையாக ஓர் இலக்கம். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்கலாம், மற்றவருக்கு எதுவுமில்லை.

பலர் பயன்படுத்தும் பள்ளிக் கணிப்பொறியில் உங்கள் கோப்பை 600 ஆக்கினால் போதுமா? போதாது! கோப்பை அழிக்கும் உரிமை, அது இருக்கும் கோப்புறையின் அனுமதியைப் பொறுத்தது. கோப்புறை 777 என்றிருந்தால், உங்கள் கோப்பைப் படிக்க முடியாதவரும் அதை அழித்துவிடலாம். பெட்டியைப் பூட்டி அறையைத் திறந்து வைத்தால், திருடன் பெட்டியையே தூக்கிச் செல்வான் அல்லவா? ஆகவே கோப்புறையை 700 ஆக்குங்கள்.

754 என்றால் யார் யாருக்கு என்னென்ன அனுமதி? நீங்களே கண்டுபிடியுங்கள்.