எதிரி யுத்த நிறுத்தம் கேட்கும்போது

யுத்த நிறுத்தம் கோரும் சேனாதிபதியின் உள்ளத்தில் சமாதான வாஞ்சை இருத்தல் கூடும். ஆயினும் அவன் முதலில் நாடுவது காலாவகாசத்தையே என்பதைச் சரித்திரம் பல தடவை காட்டியிருக்கிறது. 1918 செப்டம்பர் 29ஆம் திகதி, ஜெர்மானியத் தளபதி லூடென்டார்ஃப் தாமதமின்றி யுத்த நிறுத்தம் கேட்கவேண்டுமெனத் தம் சக்கரவர்த்தியை வற்புறுத்தியபோது, குலைந்துகொண்டிருந்த படையைக் காத்துக்கொள்வதும், தோல்வியின் பழியை அரசியல்வாதிகளின்மீது சுமத்துவதுமே அவருடைய உத்தேசமாயிருந்தன. நிபந்தனைகள் கடுமையாயின என்று கண்டதும், ஒரு மாதம் கழியுமுன்னரே, போரைத் தொடரவேண்டுமென வாதாடியவரும் அவரே.

இலங்கையின் கிழக்கில், பாலமுனையிலிருந்து கல்முனைவரை நீளும் எங்கள் கரையோர மக்கள் இவ்வுண்மையை நூல்களில் வாசித்து அறியவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. 1989இல் பிரேமதாச அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் போரை நிறுத்திப் பேச அமர்ந்தமைக்குக் காரணம், அப்போது இலங்கையில் நிலைகொண்டிருந்த இந்திய இராணுவம் வெளியேறவேண்டும் என்பதில் இரு தரப்பாரின் நலனும் ஒன்றுபட்டதே. புலிகளுக்கோ அது காட்டில் தம்மை நெருக்கிய படையிலிருந்து தப்பும் மார்க்கமுமாயிற்று. 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினான். ஒற்றுமைக்கிருந்த காரணம் அவனோடு போயிற்று. ஜூன் 11ஆம் திகதி கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளால் முற்றுகையிடப்பட்டன. சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அவ்விரு தரப்பாரின் கணக்கில் தம் பெயர் எழுதப்படாத ஜனங்களே அதன் விலையைச் செலுத்தினார்கள் என்பதை இங்கு அழுத்திச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

அரசாங்கத்துக்கும் புலிகளுக்குமிடையிலான 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய யுத்த நிறுத்த ஒப்பந்தமோ வேறு நிலையில் பிறந்தது. 2000இல் ஆனையிறவைக் கைப்பற்றிய புலிகள், தம் பலம் உச்சத்தில் நின்றபோதே, அதனை அரசியல் சமத்துவமாக மாற்றிக்கொள்ள விரும்பினர். 2001 செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்ட பின் ஆயுத இயக்கங்களுக்கு எதிராக உலக அபிப்பிராயம் கடுமையானதும் அவர்களை உந்தியது. அரசாங்கத்துக்கோ, கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலுக்குப் பின் தளர்ந்த பொருளாதாரத்தை மீட்க மூச்சுவிடும் நேரம் தேவைப்பட்டது.

அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டோர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் மாத்திரமே; முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகவில்லை. ஏப்ரல் 13ஆம் திகதி முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் பிரபாகரனைச் சந்தித்து உறுதிமொழிகளைப் பெற்றுத் திரும்பியும், ஜூன் மாதத்திலேயே மூதூரிலும் வாழைச்சேனையிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். பேச்சுமேசையில் தமக்குத் தனித்தரப்பு மறுக்கப்பட்டதைக் கண்ட முஸ்லிம் இளைஞர்கள், 2003 ஜனவரியில், பாலமுனைக்கு அயலிலுள்ள ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் திரண்டு, முஸ்லிம்கள் தனித்துவமான தேசிய இனம் என்றும் சுயநிர்ணய உரிமை உடையோர் என்றும் பிரகடனம் செய்தார்கள்.