வாளும் வணக்கமும்

ஜப்பானிய மொழியில் ‘கென்’ என்றால் வாள். ‘டோ’ என்றால் வழி. வாளின் வழியாகிய கெண்டோவில் முதற்பாடம் அடியன்று, வணக்கமே.

பயிற்சிக்கூடத்தின் பெயர் ‘டோஜோ’. அதனுள் நுழையும்போதும் வெளியேறும்போதும் குனிந்து வணங்க வேண்டும். இவ்வணக்கமே ‘ரெய்’.

கையில் ஏந்துவது ‘ஷினாய்’. நான்கு மூங்கில் பட்டைகளைத் தோலால் பிணைத்துச் செய்த வாள் இது. தரையில் கிடக்கும் ஷினாயைத் தாண்டிச் செல்வது மரியாதைக் குறைவு. மூங்கிலில் சிராய் கிளம்பினால் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்து. ஆகையால் அதைச் சோதித்த பின்னரே பயிற்சி.

தலைக்கும் முகத்துக்கும் ‘மென்’, கைகளுக்குக் ‘கோதே’, இடுப்புக்குத் ‘தாரே’ என்பன கவசங்கள். மார்பையும் வயிற்றையும் காப்பதும் ‘டோ’ என்றே ஒலிக்கும். ஆனால் அது வேறு சொல்.

வாள் பட்டால் மட்டும் புள்ளி கிடைக்காது. முழக்கமும் வாளும் உடலும் ஒருங்கிணைய வேண்டும். அடித்த பின்னும் விழிப்புக் குலையாதிருக்க வேண்டும், இதுவே ‘ஸன்ஷின்’. வெற்றிக் களிப்பில் துள்ளிக் குதித்தால், கொடுத்த புள்ளியையே நடுவர்கள் நீக்கிவிடலாம்!

வாளின் நெறிகளைப் பயின்று மனிதப் பண்பை உருவாக்குவதே கெண்டோ என்று அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் 1975-ல் வரையறுத்தது. ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் ஒருவரையொருவர் வணங்கியே பிரிகின்றனர். எதிரே நிற்க ஒருவர் இல்லையேல் நமக்குப் பயிற்சி ஏது? வெல்லும் நாளில் இதை மறவாதிருப்போமாக.