மலையேறும்போது கெண்டைக்கால் பிடித்தால்

பாவா ஆதம் மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவோர் 5,000க்கும் அதிகமான படிகளைக் கடக்க வேண்டும். இரவுக் குளிரில் வியர்க்காது என்று நம் சகோதரிகள் பலர் எண்ணிவிடுகிறார்கள். சுவெட்டருக்குள்ளும் வியர்க்கும், வியர்வையோடு உப்பும் போகும். அதற்கு ஈடாக வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் மேலும் குறைந்து தலைவலி, குமட்டல் வரலாம்.

ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து எடுத்துச் செல்லுங்கள். 'ஜீவனி'யும் போதும். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியமே அதிகம், சோடியம் குறைவு. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு குறைவது மட்டுமல்ல, பழக்கமில்லாத கால் களைத்தாலும் பிடிக்கும். பிடித்தால் உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, கால்விரல்களை உடம்புப் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். இளகிய பின்பே எழும்புங்கள்.