கூட்டாளி சொன்னால் கேட்பார்கள், எந்தக் கூட்டாளி?

"வேப் பிடிக்காதீர்கள்" என்று ஆசிரியர் சபைகூடலில் சொல்வது ஒன்று. சிற்றுண்டிச்சாலையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி, "வேணாம்டா, விட்ரு" என்பது வேறு. அந்தக் கூட்டாளிக்குப் பயிற்சி கொடுத்து, சரியான தகவலோடு பேச வைப்பதே சக மாணவர்வழிச் சுகாதாரக் கல்வி.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. தொடக்கப்பள்ளிகளின் 'டோக்டர் மூடா' மன்றத்தில் பிள்ளைகளே சக பிள்ளைகளுக்குச் சுத்தம், பல் பராமரிப்பு, உணவுப்பழக்கம் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். எய்ட்ஸ் தடுப்புக்காகச் சுகாதார அமைச்சு 1996-இல் தொடங்கிய 'புரோஸ்டார்' திட்டமும் இளையோர் வழியாகவே இளையோரை அணுகியது.

ஆனால், யாரைத் தேர்ந்தெடுப்பது? நாம் வழக்கமாக மாணவர் தலைவரையோ முதல் மதிப்பெண் வாங்குபவரையோ அழைப்போம். பிரிட்டனில் 59 பள்ளிகளில் நடந்த ஆய்வு வேறு வழியில் போனது. 2008-இல் வெளியான அந்த ஆய்வில், 12, 13 வயது மாணவர்களிடமே, "நீங்கள் யாரை மதிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே 2 நாள் பயிற்சி. பிறகு 10 வாரம் அவர்கள் மேடை ஏறவில்லை. பேச்சுவாக்கில் நண்பர்களிடம் பேசினார்கள். ஓராண்டு கழித்தும் அப்பள்ளிகளில் புகைப்பவர்கள் மற்றப் பள்ளிகளைவிடக் குறைவு. இரண்டாம் ஆண்டில் அந்த வேறுபாடு சுருங்கியது. அதாவது, ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

நம் பத்தாங் காலி வட்டாரத்துக்கு இது முக்கியம். சிறிய தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பாக இருந்த பிள்ளைகள், படிவம் ஒன்றில் பல வகுப்புகளுக்குப் பிரிந்து போகிறார்கள். புதுக் கூட்டாளி எப்படியோ பழக்கமும் அப்படி. முதல் வேப் கைக்கு வருவதும் பெரும்பாலும் கூட்டாளி வழியாகத்தான். எனவே படிவம் ஒன்றின் தொடக்கத்திலேயே இதைச் செய்வது நல்லது.

ஒரு எல்லையும் உண்டு. மாணவர் மருத்துவர் அல்லர். பழக்கம் முற்றியவரைப் பள்ளி ஆலோசகரிடம் அழைத்து வருவதோடு அவர் வேலை முடிகிறது.

தேர்வு மாணவர்களே, "நண்பர்கள் நல்வழி காட்டுவர்" என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவரை யார் தேர்ந்தெடுத்தார்? என்ன பயிற்சி? எவ்வளவு காலம்? இந்த மூன்றுக்கும் விடை எழுதினாலே உங்கள் கருத்து நிற்கும்.