உஷார்! ஒரே ஊசி, நாலு கை

"நம்ம பசங்கதானே, யாருக்கு என்ன நோய் இருக்கப் போகுது?" இந்த ஒரு நம்பிக்கையில்தான் போதை ஊசி கைமாறுகிறது. வலி நிவாரண மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளவட்டங்கள் பிடிபடும் செய்தி நம் ஊர் பேப்பர்களில் அடிக்கடி வருகிறது. மாத்திரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த ஊசியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

ஊசி நரம்பில் இறங்கியதும் லேசாக ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறும். போட்டு முடித்த பிறகும் ஒரு பொட்டு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரில் ஓர் அலசு அலசி அடுத்தவன் கையில் கொடுத்தால் அந்தப் பொட்டும் சேர்ந்தே போகும். சிரிஞ்சுக்குள் அடைபட்ட எச்.ஐ.வி. கிருமி, சூடு குறைவாக இருந்தால் 42 நாட்கள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மிகைப்படுத்தல் என்று தோன்றினால் மணிப்பூரைப் பாருங்கள். 1989 வரை அங்கே ஹெராயின் ஊசி போடுவோரிடம் இந்தக் கிருமி தென்படவே இல்லை. ஓராண்டு திரும்புவதற்குள் சோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொற்றிவிட்டது.

உள்ளே போன கிருமி என்ன செய்யும்? இரண்டு முதல் நாலு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி. பலருக்கு அதுவும் தெரியாது. ஊசி போடுகிறவருக்கு இதில் கூடுதல் சிக்கல்: சரக்கு கிடைக்காத நாளிலும் அவருக்கு உடம்பு முறுக்கும், வியர்க்கும். 'அதுதான் இது' என்று விட்டுவிடுவார். ரத்தத்தில் கிருமி கொப்பளிப்பதும் அப்போதுதான், சோதனையில் சிக்காமல் நழுவுவதும் அப்போதுதான். முதல் சில வாரங்களில் வரும் 'நெகட்டிவ்' முடிவான முடிவல்ல. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பிறகு நிசப்தம். சிகிச்சை இல்லாவிட்டாலும் எட்டு, பத்து வருஷம் ஆள் நன்றாகவே நடமாடுவார். கடன்காரன் வாசலுக்கே வராமல் வட்டி மட்டும் ஏறுகிற கதைதான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் தேய்ந்து 200க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ். நம் நாட்டில் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது காசநோய். போதாக்குறைக்கு, அதே ஊசியில் ஒட்டிவந்த ஹெபடைடிஸ் சி ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். அழுக்கு ஊசியால் இதய வால்வில் சீழ் பிடித்தோ, அளவு மீறிய போதையிலோ எய்ட்ஸ் வருமுன்பே போய்ச் சேருகிறவர்களும் உண்டு.

ஊசி வழியாக வந்த கிருமி மற்றதைவிட வேகமாக ஓடுகிறது என்பதற்கில்லை. ஆள்தான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறார். போலீஸ் பயம், வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம், "போதைக்காரன்" என்ற ஏச்சு. என்னைக் கேட்டால், கிருமிக்குச் சமமான குற்றவாளி இந்த ஏச்சு.

எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசம். 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான உடனேயே மருந்து தொடங்குகிறார்கள். தினமும் விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல நெடுங்காலம் வாழலாம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கே பழகிவிடும். ஊசியை விட முடியாதவர்களுக்கு, நாக்கின் கீழ் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாற்றுச் சிகிச்சையும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் ஊசித் தழும்பைப் பார்த்தால் முதலில் கை ஓங்காதீர்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போங்கள். சோதனைக்குக் காசு இல்லை, விவரம் வெளியே போகாது. தயக்கமாக இருந்தால் 1097க்கு போன் போடுங்கள். பகிர்ந்த ஊசியைப் போட்டது நேற்றோ முந்தாநாளோ என்றால் இன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கெடு.