பென்சிலுக்கு முன்னர் மணல்: பிள்ளையின் கை எழுதத் தயாராவது எப்படி?

"தரம் 1க்குப் போய் ஆறு மாதமாகுது. இன்னும் 'இ' எழுத வருகுதில்லை. அடிச்சும் பார்த்திட்டன்." சம்பூரில் ஓர் இளம் தாய் என்னிடம் சொன்னது இது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இதே முறைப்பாட்டைப் பல பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளை சோம்பேறி, கவனமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல வேளைகளில் உண்மை வேறு. பிள்ளையின் கை இன்னும் எழுதத் தயாராகவில்லை.

எழுத்து விரல்களில் தொடங்குவதில்லை. பிள்ளையின் உடல் நடுவிலிருந்து வெளிநோக்கியே கட்டுப்பாட்டைப் பெறுகிறது. முதலில் கழுத்தும் முதுகும், பின்னர் தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல்கள். முதுகும் தோளும் உறுதியாகாத பிள்ளை பென்சிலை இறுக்கிப் பிடித்து எழுதும். கை சீக்கிரம் களைத்துவிடும். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. ஐந்து வயதில் அவற்றில் சில குருத்தெலும்பாகவே இருக்கும்.

பார்த்து வரையும் திறனுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஏறத்தாழ மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் அடையாளம், ஐந்தில் முக்கோணம். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள். 'இ' எழுதும்போது கை பலமுறை திசை மாற வேண்டும். ஆகவே 'ட' எழுதும் பிள்ளை 'இ'யில் தடுமாறுவது இயல்பு.

ஓடாமல், ஏறாமல், மண்ணில் அளையாமல் இந்தத் தசைகள் வலுப்பெறா. இங்கேதான் போரின் நிழல் விழுகிறது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஏறத்தாழ பத்தாண்டுகள் கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016இல்தான். "தூரப் போகாதே, எதையும் தொடாதே" என்று கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகளே இன்று பெற்றோர். அன்று அந்தச் சொல் உயிரைக் காத்தது. தெரியாத பொருளைத் தொடக்கூடாது என்ற விதி இன்றும் தேவை. ஆனால் பாதுகாப்பான வளவுக்குள்ளும் பிள்ளையை இருத்தி, கொப்பியைக் கையில் கொடுப்பது அந்தப் பழைய அச்சத்தின் தொடர்ச்சி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து முன்பள்ளி வயதிலேயே தொடங்கும் ரியூசன் அதை இன்னும் இறுக்குகிறது.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் காசு செலவில்லை. கெந்தி விளையாடும்போது ஒற்றைக்காலில் சமநிலை வருகிறது. கிளித்தட்டில் ஓடிச் சட்டென்று நின்று திரும்பும் கட்டுப்பாடு வருகிறது. கயிறு இழுத்தால் தோள் வலுக்கும். கொக்கான் வெட்டும்போது கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யப் பழகும். கடற்கரை ஈரமணலில் விரலால் பெரிதாக எழுதும்போது தோளிலிருந்து விரல்வரை முழுக் கையும் எழுத்தைக் கற்கிறது. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கிறோமே, அதையே தொடரலாம்.

வீட்டு வேலையும் பயிற்சிதான். புட்டுக்கு மா குழைப்பது, தேங்காய்ப்பூ பிழிந்து பாலெடுப்பது, பூமாலை கட்டுவது, சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுவது எல்லாம் விரல்களுக்கு வலுச் சேர்ப்பவை. ஆண்பிள்ளைக்கும் இவை வேண்டும்.

போதிய வாய்ப்புக் கொடுத்தும் பிள்ளை அடிக்கடி விழுந்தால், ஆறு வயதாகியும் ஒற்றைக்காலில் கெந்த முடியாவிட்டால், கரண்டி பிடிக்கவும் உடுப்புப் போடவும் தொடர்ந்து சிரமப்பட்டால், முன்பு செய்ததை இப்போது செய்ய இயலாமற்போனால் காத்திருக்க வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகளில் 5 முதல் 6 வீதமானோருக்கு இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இது அறிவுக் குறைவும் அல்ல, வளர்ப்பின் பிழையும் அல்ல. உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். தரம் 1இல் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையிலும் கேட்கலாம். அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவரிடமோ தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ அனுப்புவார்கள், சேவை இலவசம்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். எழுதி முடிக்காத பிள்ளைக்குத் தண்டனையாக விளையாட்டு நேரத்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.